ஏழு ஊசி அதிகம்

தொண்ணூற்றொரு மணி நேரம். தன் மகன் உயிரோடு இருந்தது அவ்வளவுதான் என்றார் டைல்ஸ் போடுகிறவர். ஞாயிறு மாலை ஆறு ஐந்துக்குப் பிறந்தான். வியாழன் மதியம் ஒன்று ஐந்துக்கு நர்ஸ் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டு ஒரு தாளைப் பிரித்து மேசைமேல் வைத்து நீவிவிட்டார். அவர் நகக்கண்களில் சிமென்ட் காய்ந்திருந்தது.

“இதுல என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க மேடம்.”

டைப்பிஸ்ட் படித்தாள். தட்டச்சு இயந்திரங்கள் எடைக்குப் போய்ப் பல வருடம் கழித்துத்தான் அவள் அந்தப் புள்ளிவிவர அலுவலகத்தில் சேர்ந்தாள். ஆனாலும் அந்த மேசையில் உட்காருகிறவருக்குப் பெயர் டைப்பிஸ்ட்தான். பிறப்பையும் இறப்பையும் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. பிழை இல்லாமல் ஏற்றுவாள் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

தாளில் ‘இறந்து பிறந்த குழந்தை, ஆண்’ என்று இருந்தது. பிரசவ நேரம், வியாழன் மதியம் ஒன்று ஐந்து.

“நான் கண்ணாடி வழியா பாத்தேன்” என்றார் டைல்ஸ்காரர். “மூக்குல குழாய். பக்கத்துல ஒரு பாட்டில்ல தண்ணி கொப்புளிச்சுட்டே இருந்துச்சு. அப்பவும் கொட்டாவி விட்டான். செத்துப் பொறந்த புள்ள எங்கயாவது கொட்டாவி விடுமா?”

அவள் கணினியில் தேடினாள். அந்த மாதக் கட்டில் அவர் பெயரில் பிறப்பே வரவில்லை.

“பிறப்பு நம்பர் இல்லாம எங்க சிஸ்டத்துல பிறப்பும் ஏறாது, சாவும் ஏறாதுண்ணே. ஆஸ்பத்திரி மாசக் கடைசியிலதான் பிறப்பை மொத்தமா அனுப்பும். உங்களோடது அதுல இல்ல.”

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பொறந்தான்னு ஒரு பேப்பர் குடுங்க. என் வீட்டுக்காரி, நான் பாத்தது கனவான்னு கேக்கறா. அவ பாக்கவே இல்ல, எந்திரிக்க முடியல.”

ஜன்னல் ஓரத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஆய்வாளர் எழுந்து வந்தார். அவரை அலுவலகம் முழுவதும் சைபர் சார் என்றுதான் அழைத்தது. எந்த அட்டவணையைக் கொடுத்தாலும் சைபர் இருக்கிற கட்டத்தில் பென்சிலை வைத்து நின்றுவிடுவார். மற்ற எண்களுக்கு யாராவது எண்ணியிருக்க வேண்டும், சைபருக்கு எண்ண வேண்டியதே இல்லை, அதனால்தான் அதை நம்ப மாட்டேன் என்பார்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த காலாண்டு அட்டவணையைப் பார்த்தார். அந்த மருத்துவமனையின் வரிசையில், ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் என்ற கட்டத்தில், கொழுத்த ஒரு சைபர்.

“இதே அளவு ஆஸ்பத்திரி மத்ததுல எத்தனை?”

“அஞ்சு, ஆறு வரும் சார். இவங்க நல்லா பாக்கறாங்க. கேடயம் கூட குடுத்தாங்களே.” சொல்லும்போதே அவள் கண் அந்தக் கட்டத்துக்குப் போய் நின்றது. “என் தங்கச்சியை அங்கதான் சேர்க்கறோம். நாளை மறுநாள்.”

தங்கைக்கு வயிற்றில் குழந்தை வளர்ச்சி குறைவு. பிறந்ததும் சிசு அறையில் வைக்க வேண்டியிருக்கும் என்று ஸ்கேன் பார்த்தவர் சொல்லியிருந்தார். எங்கே சேர்ப்பது என்று வீட்டில் குழம்பியபோது, அந்தச் சைபரைக் காட்டி முடிவு செய்தவள் இவள்தான்.

சைபர் சார் பழைய கட்டுகளை எடுக்கச் சொன்னார். அந்த மருத்துவமனையில் இறந்து பிறந்த குழந்தைகள், மூன்று காலாண்டுகளில்: ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு.

“சாவு குறைஞ்சா சந்தோஷம்தான்” என்றார் மெதுவாக. “ஆனா அது குறையல போல இருக்கேம்மா. பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து உக்காந்திருக்கு.”

*

மறுநாள் காலை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். டைப்பிஸ்ட் ஒரு புதிய நோட்டு வாங்கி வைத்திருந்தாள். நேராகப் பதிவேட்டு அறைக்குப் போய்ப் பொய்யைப் பிடித்துவிடலாம் என்று அவளுக்குப் பரபரப்பு.

“அங்க கடைசியா போவோம்” என்றார் சைபர் சார். “பொய் எழுதறவங்க ஒரு நோட்டைத்தான் திருத்துவாங்க. பக்கத்து நோட்டுக்காரங்ககிட்ட சொல்லி வைக்கத் தோணாது. முதல்ல பக்கத்து நோட்டைப் பாக்கலாம்.”

மருந்துக் கிடங்கு நிலவறையில் இருந்தது. மருந்தாளுநர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு பேரேட்டைத் தூக்கிப் போட்டார்.

“உயிரோட பிறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன ஊசி போடுவாங்க?” என்று கேட்டார் சைபர் சார்.

“வைட்டமின் கே. ரத்தம் கசியாம இருக்க. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டுடுவாங்க. ஒரு குழந்தைக்கு ஒரு ஆம்பூல், சின்னக் கண்ணாடிக் குப்பி.”

“மூணு மாசத்துல எத்தனை போச்சு?”

“நானூத்திப் பதினஞ்சு. அதுல மூணு உடைஞ்சு திரும்பி வந்துச்சு, உடைஞ்ச கண்ணாடியைக் காட்டாம நான் வரவு வைக்க மாட்டேன். ஆக நானூத்திப் பன்னண்டு. ஏன் சார், யாராவது என்மேல மொட்டைக் கடிதாசி போட்டாங்களா?”

“சேச்சே. உங்க நோட்டு மாதிரி ஒரு நோட்டை நான் பாத்ததே இல்ல. முந்தின மூணு மாசத்தோடது இருக்கா?”

“தணிக்கைக்குப் போயிடுச்சு.”

படியேறும்போது டைப்பிஸ்ட் தன் நோட்டைப் பார்த்தாள். அதே மூன்று மாதத்தில் உயிரோடு பிறந்ததாக அவள் ஏற்றிய குழந்தைகள் நானூற்று ஐந்து.

“ஏழு ஊசி அதிகம் சார்.”

“ம். இறந்து பிறந்த குழந்தைக்கு யாராவது ஊசி போடுவாங்களா?”

பிரசவ அறை வாசலில் துப்புரவுப் பணி செய்யும் அம்மாள் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் மேசையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். எத்தனை முறை கழுவினார் என்று எழுதினால்தான் அடுத்த டப்பா கொடுப்பார்கள்.

“எழுத்தெல்லாம் அவ்வளவா வராதும்மா” என்றார். “கழுவினா ஒரு கோடு, பக்கத்துல மணி, பொம்பளையோட கட்டில் நம்பர். இதையும் குறை சொல்ல வந்துட்டீங்களா?”

சைபர் சார் தரையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இறந்து பிறந்ததாக எழுதி வந்த பன்னிரண்டு தாள்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றின் பிரசவ நேரத்தையும் கோடுகளோடு ஒப்பிட்டார். ஐந்து தாள்களுக்குக் கோடு இருந்தது. ஏழு தாள்களுக்கு இல்லை. அந்த ஏழு பெண்களின் கட்டில் எண்கள் நோட்டில் இருந்தன, ஆனால் மூன்று நாள், நான்கு நாள், ஒன்று மட்டும் ஐந்து நாள் முன்னால். டைல்ஸ்காரர் மனைவியின் கட்டில் எண்ணுக்கு எதிரே ஞாயிறு மாலை ஆறேகால் என்று இருந்தது. வியாழன் மதியம் ஒன்று ஐந்தை ஒட்டி அந்த மேசை காய்ந்து கிடந்திருக்கிறது.

“செத்த நேரத்தையே பிரசவ நேரமா எழுதியிருக்காங்க” என்றாள் டைப்பிஸ்ட். குரல் உயர்ந்துவிட்டது.

“மெதுவா. இது ஏன்ங்கறதுக்குப் பதில் இல்ல, எப்படிங்கறதுக்குத்தான்.”

சிசு அறைக்குள் அவர்களை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். சுவரோரமாக நான்கு கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆக்சிஜன் குழாய், ஆக்சிஜனை ஈரப்படுத்த அதில் மாட்டிய ஒரு பாட்டில். பாட்டில்களில் தண்ணீர் விடாமல் கொப்புளித்துக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் ஜாடியோடு வந்து, குறைந்திருந்த பாட்டிலில் மேலாக ஊற்றிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். பாட்டில்களின் உட்புறம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பச்சையாக ஒரு வளையம்.

தலைமை நர்ஸ் வெளியே வந்தார். தூங்கி நாளான கண்கள்.

“அந்தப் பாட்டிலைக் காலி பண்ணிக் கழுவ மாட்டீங்களாம்மா?”

“தினமும் கொதிக்க வைக்கணும் சார். கொதிக்க வைக்கற மெஷின் ரிப்பேராகி அஞ்சு மாசம் ஆச்சு. எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. எல்லாம் நல்லா இருக்கற இடத்துக்கு எதுக்கு மெஷின்னு மேல இருந்து பதில் வருது. கேடயம் வாங்கின ஆஸ்பத்திரியாச்சே.”

அவர் சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை. டைப்பிஸ்ட் சுவரோரக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்று காலியாக இருந்தது. அதன்மேல் புதிதாகத் துவைத்த துணி விரித்திருந்தார்கள்.

கடைசியாகப் பதிவேட்டு அறை. பதிவெழுத்தர் இரண்டு நாளாக விடுப்பில் இருந்தார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. சைபர் சார் அலமாரியைப் பார்த்தார். டைப்பிஸ்ட் மேசையைப் பார்த்தாள். வேண்டாத தாள்களைக் குத்திவைக்கும் கம்பியில், மருந்துச் சீட்டுகளுக்கும் விடுப்புக் கடிதங்களுக்கும் அடியில், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய தாள் இருந்தது. அவள் அதை உருவினாள். படித்தாள். இரண்டாக மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஏதாவது கிடைச்சுதாம்மா?”

“இல்ல சார்.”

சைபர் சாரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் மேலே கேட்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவள் சாப்பிடப் போகவில்லை. கணினியில் யாரும் திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் வைத்து எண்ணினாள். ஆறு மாதத்துக்கும் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். எண் மாறவில்லை.

*

அன்று மாலை தங்கை பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வேற ஆஸ்பத்திரி பாக்கலாமா?” என்றாள் டைப்பிஸ்ட்.

“விளையாடறியாக்கா? சிசு அறை இருக்கற அடுத்த ஆஸ்பத்திரிக்கு அஞ்சு மணி நேரம் ஆகும். இந்த வயித்தோட வண்டியில குலுங்காதேன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லியிருக்கார். நீதானே அந்த சைபரைப் போட்டோ எடுத்து அனுப்புன? என் வீட்டுக்காரர் அதை அவங்க வீடு முழுக்கக் காட்டிட்டார்.”

“அவசரப்பட்டுட்டேனோன்னு...”

“உன் மூஞ்சியே சரியில்ல. ஏதாவது ஃபாரத்துல பிழை விட்டுட்டியா? உனக்கு வேற எதுக்கும் மூஞ்சி இப்படிப் போகாதே.”

டைப்பிஸ்ட் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

வியாழன் காலை தங்கைக்கு வீட்டிலேயே வலி எடுத்துவிட்டது. எட்டரைக்கு அவளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். பத்து மணிக்கு சைபர் சார் அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் கூட்டம் கேட்டிருந்தார்.

பெரிய டாக்டரின் அறை குளிர்ந்து கிடந்தது. அவர்தான் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளர். அலமாரிமேல் கேடயம். மேசைக்கு இந்தப் பக்கம் தலைமை நர்ஸ், மருந்தாளுநர், நாற்காலி நுனியில் டைல்ஸ்காரர். டைப்பிஸ்ட் கதவை ஒட்டி உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே காலடி கேட்கும்போதெல்லாம் அவள் தலை திரும்பியது.

சைபர் சார் குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார்.

“இந்த மூணு மாசத்துல பன்னண்டு குழந்தை இறந்து பிறந்ததா எழுதியிருக்கீங்க டாக்டர். அதுல ஏழு குழந்தைக்கு ஊசி போட்டிருக்கு. அந்த ஏழு பிரசவத்துக்கும் நீங்க எழுதின நேரத்துல மேசையைக் கழுவல. மூணு நாள், நாலு நாள் முன்னாடி கழுவியிருக்கு. அந்த ஏழும் உயிரோட பிறந்து, சிசு அறையில இருந்து, அப்புறம் இறந்திருக்கு. பிறந்த அன்னிக்கு எதுவுமே போகல. எல்லாம் மூணாம் நாளைக்கு மேல. பிறக்கும்போது இல்லாத ஒண்ணு அந்த அறையில அவங்களுக்குக் கிடைச்சிருக்கு. மெஷின் ரிப்பேராகி அஞ்சு மாசம். எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சதும் அப்பத்தான். எனக்கு அந்தப் பாட்டில் மேல சந்தேகம். ஆனா நான் கிருமி பாக்கறவன் இல்ல, எண்ணறவன். பாக்கறவங்க வரணும். வர்ற வரைக்கும் அறையை மூடணும்.”

பெரிய டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மாணவனின் தவறான விடையைக் கேட்பதுபோல இருந்தது அவர் முகம்.

“ஆம்பூல் உடையும் சார். உடைச்சவங்க எல்லாரும் இவர்கிட்ட கண்ணாடியைக் காட்டுவாங்கன்னு சொல்ல முடியுமா? அப்புறம் அந்தத் துப்புரவு அம்மா. அவங்க கோடு போட்டதை வெச்சு ஒரு ஆஸ்பத்திரியை மூடச் சொல்றீங்க.”

“கழுவினதை எழுதாம விட அவங்களுக்கு எந்த அவசியமும் இல்ல. உங்களுக்குச் சைபர் வேணும்னு அவசியம் இருக்கு.”

“விதி என்னன்னு உங்களுக்கே தெரியும். ஒரே சிசு அறையில ஒரு மாசத்துல ரெண்டு கிருமிச் சாவு பதிவானா, அன்னிக்கே மூடணும். பதிவானா. எங்ககிட்ட ஒண்ணுகூடப் பதிவாகல. இறந்து பிறந்தது அந்தக் கணக்குல வராது.” அவர் கைகளை விரித்தார். “ஒரு சாவு ஃபாரம் காட்டுங்க. இந்த ஆஸ்பத்திரி சீலோட, ஒண்ணே ஒண்ணு. இப்பவே பூட்டிடறேன். எழுதவே எழுதாத ஃபாரத்தை நாங்க எப்படி மறைக்க முடியும்?”

“உங்க பதிவெழுத்தரைக் கேக்கலாமா?”

“அவருக்கு உடம்பு சரியில்ல.”

தலைமை நர்ஸ் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து, பெரிய டாக்டர் பார்த்ததும் மூடிக்கொண்டார். மருந்தாளுநர் கண்ணாடியைத் துடைத்தார். டைல்ஸ்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

“அப்ப என் புள்ள?” என்றார்.

பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சைபர் சார் முதல் முறையாகத் தயங்கினார். “ஒரு இடம்தான் எனக்கு இடிக்குது” என்றார், யாரையும் பார்க்காமல். “உங்க டாக்டர்கள் பொய்யர்கள் இல்ல. முதல் குழந்தை இறந்தப்ப யாராவது ஒழுங்கா சாவு ஃபாரம் எழுதியிருப்பாங்க. அந்த ஃபாரம் ஏன் எங்க கணக்குல ஏறல? எதனால மாத்தி எழுத ஆரம்பிச்சீங்க? அது மட்டும் எனக்குத் தெரியல.”

“தெரியாததை வெச்சுக் குற்றம் சாட்டக்கூடாது சார்” என்றார் பெரிய டாக்டர் அன்பாக. நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கூட்டம் முடிந்தது என்று அதற்குப் பொருள்.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள்.

“சிஸ்டர், லேபர் ரூம்ல இருந்து சொன்னாங்க. குழந்தை பிறந்துடுச்சு, ஒண்ணரைக் கிலோதான் இருக்கு, மூச்சு இழுக்குதாம். சுவர் பக்கத்துக் கட்டிலை ரெடி பண்ணிட்டோம். கொண்டு போகட்டுமா?”

“யாரோட குழந்தை?” என்றாள் டைப்பிஸ்ட்.

நர்ஸ் சொன்னது அவள் தங்கையின் கட்டில் எண்.

டைப்பிஸ்ட் எழுந்தாள். நோட்டைப் பிரித்து, மடித்த இளஞ்சிவப்புத் தாளை எடுத்துப் பெரிய டாக்டரின் மேசைமேல் வைத்தாள். மடிப்பை இரண்டு முறை நீவிவிட்டாள். அதில் அவளுடைய அலுவலகத்தின் முத்திரையும், ஓரத்தில் அவளுடைய சுருக்கொப்பமும் இருந்தன. இது அவள் வேலைக்கே உலை வைக்கும் என்று தெரிந்துதான் வைத்தாள்.

“குழந்தையை அங்க கொண்டு போகாதீங்க” என்றாள் நர்ஸிடம். பிறகு சைபர் சாரைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் சார். பிறப்பு மாசக் கடைசியிலதான் வரும், சாவு வாரா வாரம் வரும். நாலு நாள் குழந்தையோட சாவு, அதோட பிறப்புக்கு முன்னாடியே வந்துடும். பிறப்பு நம்பர் இல்லாத சாவை சிஸ்டம் ஏத்துக்காது. இறந்து பிறந்ததுன்னா நம்பரே கேக்காது, முதல் தடவையே ஏறிடும். இவங்க அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. சைபர் வந்ததும் அப்படியே வெச்சுக்கிட்டாங்க.”

“நீங்க என்ன சொல்றீங்கன்னு...” என்று ஆரம்பித்தார் பெரிய டாக்டர்.

“ஏழு இல்ல டாக்டர். ஆறு மாசத்துல பதினொண்ணு. பதினொண்ணும் உங்க சீலோட வந்துச்சு. காரணம், ரத்தத்துல கிருமின்னு உங்க டாக்டர்களே எழுதியிருந்தாங்க. ஒவ்வொண்ணும் வந்த தேதி என் கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கு.” அவள் டைல்ஸ்காரர் பக்கம் திரும்பினாள். “உங்க பையனோடது ஒன்பதாவது, அண்ணே. அவன் பொறந்தான். நாலு நாள் இருந்தான். அவனோட ஃபாரம் என் கைக்கு வந்துச்சு. இந்த மாதிரி ஒரு சீட்டுல திருத்தி அனுப்புங்கன்னு எழுதி, திருப்பி அனுப்பினது நான்தான்.”